தன்னையும் காட்டாத குறை

அலுமினியத் தேன்கூட்டுப் பேனலை முதன்முதலாகத் தூக்குகிறவர் யாராக இருந்தாலும் கை தேவைக்கு மேல் உயர்ந்துவிடும். பார்வைக்குக் கனத்த பலகையாக இருக்கிறது, எடை மட்டும் இல்லை. மேலும் கீழும் மெல்லிய அலுமினியத் தகடு, நடுவே அறுகோண அறைகள். தகட்டை ‘ஸ்கின்’ என்போம், நடுவில் இருப்பதைக் ‘கோர்’ என்போம். ஒரு கன மீட்டர் திட அலுமினியம் சுமார் 2,700 கிலோ. எங்களிடம் வந்த கோர் பெரும்பாலும் கன மீட்டருக்கு 50 கிலோவை ஒட்டியது. நூற்றில் இரண்டு பங்குதான் உலோகம், மீதி காற்று. அந்த இரண்டு பங்கை நம்பித்தான் செயற்கைக்கோளின் கருவிகளைப் பொருத்துகிறார்கள். விமானத்தின் சுக்கான் காற்றை எதிர்த்து நிற்பதும் அதை நம்பித்தான்.

பெங்களூரில் இத்தகைய பேனல்களை ஒட்டும் கூடம் ஒன்றில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பேனல் தேறும், தேறாது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அல்சூரில் நடக்கும் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போய்வருகிறேன். உயிரை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்தைப் பற்றிய பாடம் வந்ததிலிருந்து, அந்த வகுப்பையும் என் பழைய வேலையையும் பிரித்து யோசிக்க முடியவில்லை. குறை என்பது தனியே ஒரு பொருளா, இல்லை, இருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் போனதற்கு நாம் வைத்த பெயரா? பேச்சுக்கு எழுப்பும் ஐயமாக இது எனக்குத் தோன்றவில்லை. இதற்கு என்ன பதில் வைத்துக்கொள்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் ஒரு குறையைப் பொறுப்பதும் விலக்குவதும் அமைகிறது.

வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்து ஆயராக இருந்த அகுஸ்தீன் (354–430) தீமையைத் தனிப்பொருளாக ஒப்புக்கொள்ளவில்லை. நன்மை குறைந்துபோன நிலைதான் தீமை என்றார். உடம்பில் ஒரு புண் ஆறினால் அந்தப் புண் எழுந்து வேறோர் இடத்துக்குப் போவதில்லை, அது இல்லாமலே ஆகிவிடுகிறது, ஏனென்றால் அது ஒரு பொருளாக என்றும் இருந்ததில்லை என்பது அவர் வாதம். படைத்தவன் நல்லவன் என்றால் தீமையை யார் படைத்தது என்ற கேள்வியிலிருந்து அவர் வெளியே வந்த வழி அது. சித்தாந்தம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. ஆணவம் உள்பொருள். உயிர் என்று உண்டோ அன்றே அதுவும் உண்டு, செம்பில் களிம்பு இருப்பதுபோல. யாரும் கொண்டுவந்து பூசவில்லை, இறைவன் படைக்கவும் இல்லை. அவன் செய்வது நீக்கும் வேலை.

வகுப்பில் ஆசிரியர் ஐயா இரண்டையும் விளக்கிவிட்டு என்னைப் பார்த்தார். “நீங்க வாழ்நாள் முழுக்கக் குறை பார்த்தவங்க. உங்களுக்கு எதும்மா சரின்னு படுது?”

“ஐயா, எங்க கூடத்துல ரெண்டும் உண்டு” என்றேன். அந்தப் பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

தேன்கூட்டுக் கோரை யாரும் அறை அறையாகக் கட்டுவதில்லை. மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குக்கூட மெல்லியதாக உள்ள அலுமினிய ஃபாயிலில் வரிவரியாகப் பசை அச்சிட்டு, தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூட்டில் இறுக்கி, வேண்டிய தடிமனுக்கு வெட்டி, இரு பக்கமும் பிடித்து இழுக்கிறார்கள். இழுக்க இழுக்க அறைகள் விரிகின்றன. இந்த முறையில் ஒவ்வொரு அறைக்கும் ஆறு சுவரில் இரண்டு இரட்டைச் சுவராக வரும், நான்கு ஒற்றைச் சுவராக வரும். அதனால் ஃபாயில் ஓடும் திசையில் கோர் கூடுதல் வெட்டுவிசையைத் தாங்கும், குறுக்குத் திசையில் குறைவாகத் தாங்கும். இதை யாரும் குறை என்று எழுதுவதில்லை. பிறந்த முறையால் வந்த குணம் அது, வரைபடத்தில் திசையைக் குறித்துவிட்டால் போதும். குறை என்று எழுதுபவை வேறு. ஒரு மூலையில் அறைகள் அதிகம் இழுபட்டுச் சப்பையாகிவிடும். இரண்டு ஃபாயில் சேரும் வரியில் பசை விட்டு அறை பிளந்திருக்கும். சுவர் நெளிந்திருக்கும், விரல் அழுந்தி ஓரம் நசுங்கியிருக்கும். இவையெல்லாம் அகுஸ்தீன் சொன்ன வகையைச் சேர்ந்தவை. இருக்க வேண்டிய சுவர் இல்லை, இருக்க வேண்டிய நேர் இல்லை, அவ்வளவுதான். பேனலின் நடுப்பகுதியில் ஓர் அறைச்சுவர் பிளந்திருந்தால் பக்கத்துச் சுவர்கள் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளும். பெரும்பாலும் அந்தப் பிளவு அன்று இருந்தபடியே கிடக்கும்.

இரண்டாவது வகை ஸ்கினும் கோரும் சேரும் இடத்தில் பிறக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பசை ஃபிலிமை விரித்து, சூடும் அழுத்தமும் சேர்த்துத் தரும் ஆட்டோகிளேவில் வைப்போம். 120 டிகிரி அளவில் ஃபிலிம் இளகி, ஒவ்வொரு அறைச்சுவரின் விளிம்பிலும் சிறு சரிவாக ஏறி நின்று இறுகும். அந்தச் சரிவுக்கு ‘ஃபில்லட்’ என்று பெயர். சுவரின் விளிம்பு தலைமுடியைவிட மெல்லியது. அந்த மயிரிழை விளிம்பை ஸ்கினோடு பிடித்து வைத்திருப்பது ஃபில்லட்தான். கையில் தடவிய கிரீமிலிருந்து ஒரு துளி சிலிகோன் தகட்டில் பட்டிருந்தாலும், பசை ஃபிலிமின் முதுகில் உரிக்காமல் விட்ட காப்புத்தாள் ஒரு துண்டு இருந்தாலும், அங்கே பிடிப்பு வராது. இங்கே எதுவும் இல்லாமல் போகவில்லை, வரக்கூடாத ஒன்று வந்திருக்கிறது. களிம்புக்கணக்கில் சேர்க்க வேண்டிய குறை இது.

இது வளரும். தரையில் அறைக்குள் அடைபட்ட காற்று, விமானம் மேலே ஏறியதும் வெளியே அழுத்தம் குறைந்த நிலையில் ஸ்கினை உள்ளிருந்து தள்ளும். இறங்கும்போது தளரும், மறுநாள் மீண்டும் தள்ளும். ஒட்டாத இடத்தின் ஓரம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உரியும். ஈரம் உள்ளே புகுந்துவிட்டால் ஃபாயிலே அரித்துப்போகும். செயற்கைக்கோள் பேனல்களில் இதற்காகவே அறைச்சுவர்களில் ஊசிமுனைத் துளைகள் இட்ட கோரைப் பயன்படுத்துகிறார்கள். ராக்கெட் ஏறும் சில நிமிடங்களுக்குள் உள்ளேயிருக்கும் காற்று வெளியேறியாக வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கின் பெயர்ந்துவிடும். கடவுளே எல்லாச் சுவரையும் முழுமையாகப் படைத்திருக்கக் கூடாதா என்று கேட்பவர்களிடம் நான் இந்தத் துளைகளைத்தான் சொல்வேன்.

இப்போது வலிமைக் கணக்குக்கு வருகிறேன். நிறைவைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணத்தையே அது மாற்றிவிட்டது.

சென், லூ, ஃபிளெக் என்ற மூவர் 1999-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அறுகோண வலைப்பின்னலில் என்னென்ன குறைகள் எவ்வளவு வலிமையைத் தின்கின்றன என்று கணக்கிட்டது. சுவர் நெளிவது, தடிமன் ஏறி இறங்குவது, அறைகள் சிறிதும் பெரிதுமாக அமைவது, அறையே இல்லாமல் போவது என்று ஒவ்வொன்றாக எடுத்தார்கள். வலிமையை அதிகம் குறைத்தது முறிந்த சுவர். அதைவிட என்னை நிறுத்தி வைத்த செய்தி வேறு. குறையே இல்லாத அறுகோணப் பின்னலை அதன் தளத்தில் எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினால் எந்தச் சுவரும் வளையாது. எல்லாம் நேர்க்கோட்டில் நின்று சுமையை வாங்கும், அதனால் வலிமை மிக அதிகம். அதில் கொஞ்சம் சுவர்களை முறித்துவிட்டால் பக்கத்துச் சுவர்கள் வளைய ஆரம்பிக்கும், வலிமை மளமளவென்று சரியும். அதே பின்னலை ஒரே பக்கத்திலிருந்து அழுத்திப் பாருங்கள். குறையில்லாத பின்னலின் சுவர்களும் அங்கே முதலிலிருந்தே வளைந்துதான் தாங்குகின்றன. ஆகவே முறிவுகளால் அங்கே நேரும் இழப்பு அந்த அளவுக்குப் பெரிதாக இருப்பதில்லை.

முழு நேர்த்தியை நம்பி நிற்கும் வலிமைதான் சிறு குறைக்கும் முதலில் விழுகிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்டில் கோய்ட்டர் 1945-ல் டச்சு மொழியில் சமர்ப்பித்த ஆய்வேடு இதைக் கணிதமாகவே நிறுவியது. மெல்லிய உருளை ஓட்டை நெடுக்காக அழுத்தினால் அது மடிந்துபோகும் சுமை, காகிதக் கணக்கில் வருவதில் ஒரு பகுதிதான். ஓட்டின் தடிமனில் சிறு பங்கு அளவுக்கு வடிவம் பிசகினாலே போதும், தாங்கும் சுமை வெகுவாக இறங்கிவிடும். தட்டையான தகடோ அப்படியில்லை, சற்றே கோணலாக இருந்தாலும் மடிந்த பிறகும் சுமை தாங்கிக்கொண்டிருக்கும். எது நிறைவாக இருக்கிறது என்று மட்டும் கேட்டுப் பழகியவள் நான். எதன் நிறைவு குறையைப் பொறுக்கும், எதன் நிறைவு பொறுக்காது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. மனிதர்களைப் பற்றியும் இப்படிக் கேட்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஒரு சொல் பிசகினால் உடைந்துபோகும் ஒழுக்கத்தைப் பெரிதாகப் போற்றி வளர்க்கிறோம். வளைந்து வளைந்து பழகியவர்களின் பொறுமையை யாரும் வலிமைக்கணக்கில் எழுதுவதில்லை.

அதே 1945-ல் அமெரிக்காவில் ஹாஃப், மவுட்னர் என்ற இருவர் சாண்ட்விச் பேனலின் ஸ்கின் எந்த அழுத்தத்தில் சுருக்கம் விழுந்து தோற்கும் என்பதற்குச் சூத்திரம் தந்தார்கள். ஸ்கினின் விறைப்பையும், கோரின் விறைப்பு, வெட்டு விறைப்பு இரண்டையும் பெருக்கி, கனமூலம் எடுத்து, ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். குறையில்லாத பேனலுக்குக் கணிதம் தரும் கெழு 0.91. வடிவமைப்புக்கு அவர்கள் பரிந்துரைத்தது 0.5. உண்மையான ஸ்கின் எதுவும் முழுத் தட்டையாக இருப்பதில்லை, ஒட்டும்போதே இலேசான அலை இருக்கும் என்பதுதான் காரணம். எண்பது ஆண்டுகளாகப் பொறியாளர்கள் அந்த 0.5-ஐ எடுத்தாள்கிறார்கள். இடையிலுள்ள 0.41-ஐ நான் மன்னிப்புக்கு ஒதுக்கிய இடமாகப் பார்க்கிறேன். எங்கள் கூடத்தில் ஒட்டுகிற பெண்ணுக்கு அன்று கை நடுங்கலாம், சுருளிலிருந்து வரும் தகடு சற்று வளைந்திருக்கலாம். பேனல் பிறக்கும் முன்பே அவற்றுக்காகக் கணக்கில் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த இடத்துக்கு எல்லை உண்டு. அதைக் காப்பதுதான் ஆய்வாளரின் வேலை. ஒட்டாத இடம் ஒன்று கண்டுவிட்டால் ‘கன்செஷன்’ தாளில் எழுதுவோம்: எங்கே, எவ்வளவு அகலம், ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம். வடிவமைப்பாளர் பார்த்து, இப்படியே விடலாம், சரிசெய்யலாம், தள்ளிவிடலாம் என்று மூன்றில் ஒன்றைச் சொல்வார். ஒரே அளவுக் குறைதான். பேனலின் நடுவில் இருந்தால் தேறும், போல்ட் பிடிக்கும் இடத்தருகே இருந்தால் தேறாது. புதிதாக வந்த பிள்ளைகள் இதில் நீதி இல்லை என்று கோபப்படுவார்கள். “குறைன்னா குறைதானே மேடம்?” என்பார்கள். அங்கே என்ன சுமை வரும் என்று பாருங்கள் என்பதே என் பதில். குறையை அது சுமக்கப்போகும் பாரத்திலிருந்து பிரித்து எடைபோடுவது எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது. பிறவியிலேயே உடல் ஊனத்தோடு வந்த குழந்தையின் தாயிடம் இது எந்த வினையின் பயன் என்று விசாரிக்கிறவர்கள், எங்கிருந்து வந்தது என்ற ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். அந்தக் குழந்தை எதைச் சுமக்க வேண்டியிருக்கும், அதில் எதை நாம் வாங்கிக்கொள்ளலாம் என்பதை அவர்கள் கேட்பதே இல்லை. சித்தாந்தம் வினையை ஒப்புக்கொள்கிறது என்பது எனக்குத் தெரியும். ஒப்புக்கொண்டுவிட்டு அது அருளைப் பற்றித்தான் நெடுக்கப் பேசுகிறது என்பதை அந்த விசாரணைக்காரர்கள் படிக்கவில்லை.

உலோகத் தேன்கூட்டின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி எனக்கு இன்னும் செரிக்கவில்லை. அமெரிக்காவின் எக்ஸ்பி-70 வால்கைரி ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் பறப்பதற்காகக் கட்டிய விமானம். அந்த வேகத்தில் பசை தாங்காது என்பதால், துருப்பிடிக்காத எஃகில் தேன்கூடு செய்து பற்றாசு வைத்து ஒட்டினார்கள். இரண்டே விமானங்கள். முதலாவது 1964 செப்டம்பர் 21 அன்று பறந்தது. அதன் பேனல்களில் பற்றாசு சரியாகப் பிடிக்காத இடங்கள் இருந்தன. 1965 அக்டோபர் 14 அன்று மாக் 3-ஐத் தொட்டபோது இடது இறக்கையின் முன்விளிம்பில் இரண்டடி அளவுக்குப் பிய்த்துக்கொண்டு போனது. அதன் பிறகு அந்த விமானம் மாக் 2.5-ஐத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். முதலாவதில் கற்ற பாடத்தால் இரண்டாவது விமானத்தின் தேன்கூடு மிக நன்றாக அமைந்தது. 1966 மே 19 அன்று அரைமணி நேரத்துக்கு மேல் மாக் 3-லேயே பறந்து காட்டியது. மூன்று வாரம் கழித்து, ஜூன் 8 அன்று, புகைப்படம் எடுப்பதற்காக அணிவகுத்துப் பறந்தபோது பக்கத்தில் வந்த எஃப்-104 போர்விமானம் அதன்மேல் மோதியது. எஃப்-104-ஐ ஓட்டிய ஜோ வாக்கரும் வால்கைரியின் துணை விமானி கார்ல் கிராஸும் இறந்தார்கள். நன்றாகச் செய்த விமானம் அழிந்தது. குறையுள்ளது, கட்டிய வரம்புக்குள் பறந்து, 1969 பிப்ரவரி 4 அன்று ஒஹையோ மாநிலத்தில் ரைட்-பேட்டர்சன் தளத்தில் இறங்கி, இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒருவர் உடனே “எல்லாம் விதி” என்றார். நான் ஏற்கவில்லை. இரண்டாவது விமானத்தின் நேர்த்தி வீண் என்று இது காட்டவில்லை, அந்த மோதலை எந்தப் பேனலும் தாங்கியிருக்காது. முதலாவதைக் காத்தது விதி என்றும் சொல்ல வழியில்லை. அதன் குறை எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் அது வெளிப்படும் என்று தெரிந்திருந்தது, தெரிந்ததை ஒப்புக்கொண்டு அதற்கேற்ப ஓட்டினார்கள். முத்தி நிலையில் ஆணவம் அழிந்துபோவதில்லை, வலி கெட்டு அப்படியே கிடக்கும் என்கிறது சித்தாந்தம். முதலில் படித்தபோது அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு பாடுபட்டும் அழுக்கு போகாதா என்று தோன்றியது. இப்போது அந்த வரையறையில் பெரிய நேர்மை தெரிகிறது.

கடைசியாக, என்னை இன்றும் உறங்கவிடாத குறை ஒன்று. சாதாரணமாக ஒட்டாத இடம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். சிறு சுத்தியலாலோ நாணயத்தாலோ தட்டிக்கொண்டே போனால் கணீரென்ற ஒலி ஓரிடத்தில் பொத்தென்று மாறும். அல்ட்ராசோனிக் சி-ஸ்கேனில் அந்த இடம் நிறம் மாறி விழும். ஆனால் ‘கிஸ்ஸிங் பாண்ட்’ என்று ஒன்று இருக்கிறது. பசை இறுகியிருக்கும், ஸ்கின் அதன்மேல் அழுந்தி உட்கார்ந்திருக்கும், நடுவில் இடைவெளியே இராது, பிடிப்பு மட்டும் இருக்காது. ஒலி அதன் வழியே தடையில்லாமல் போய்வரும். தட்டினால் நல்ல பேனலின் குரலே கேட்கும். சுமை வரும் அன்று ஸ்கின் கழன்றுவிடும். பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் செய்த திருவருட்பயனில், இருள்மல நிலை என்ற அதிகாரத்தில் இதற்கு இணையான ஒன்றைப் படித்து நான் திடுக்கிட்டேன். இருட்டு மற்றப் பொருள்களை மறைத்தாலும் தான் இருட்டு என்பதையாவது காட்டுகிறது. ஆணவமோ பிறவற்றையும் மறைக்கும், தன்னையும் மறைக்கும் என்கிறார்.

அப்படிப்பட்ட குறையைத் தேடிப்பிடிக்க முடியாது. அது வராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி. அதனால் எங்கள் கூடத்துக்குள் தலைக்கு வைத்த பூ, தேங்காய் எண்ணெய், கைக்கு கிரீம் எதுவும் வராது. வெள்ளைப் பருத்திக் கையுறை இல்லாமல் தகட்டைத் தொட முடியாது. கழுவிய தகட்டின்மேல் தண்ணீர் ஒரே படலமாக ஓட வேண்டும், திட்டுத்திட்டாக உடைந்தால் மறுபடியும் கழுவ வேண்டும். ஒவ்வொரு பேனலோடும் அதே தகடு, அதே பசை, அதே ஆட்டோகிளேவில் ‘கூப்பன்’ என்ற சிறு மாதிரித் துண்டு ஒன்றைச் செய்து, அதைப் பிய்த்துப் பார்ப்போம். பிய்த்த இரு முகத்திலும் பசை கிழிந்து ஒட்டியிருந்தால் நல்லது. ஒரு முகம் பளிச்சென்று வெறும் உலோகமாக வந்தால், கருவி காட்டிய எண் தேறியிருந்தாலும், அந்தத் தொகுதி முழுவதையும் நிறுத்திவிடுவோம். இந்தக் கெடுபிடியைச் சடங்கு என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சரியை, கிரியை என்று சைவம் முதற்படியில் வைத்திருக்கும் தொண்டுகளையும் அப்படித்தான் சிலர் தள்ளுகிறார்கள், ஞானம் இருந்தால் போதும் என்று. கண்ணுக்குத் தெரியாத அழுக்கோடு வேலை பார்த்தவள் என்ற முறையில் நான் அவர்களோடு சேர மாட்டேன்.

காலையில் வேலை தொடங்குமுன் சி-ஸ்கேன் கருவியைச் சரிபார்க்க ஒரு ஸ்டாண்டர்ட் பேனல் இருக்கும். அதற்குள் தெரிந்த இடங்களில், தெரிந்த அளவில், டெஃப்லான் துண்டு வைத்துக் குறையை வேண்டுமென்றே உண்டாக்கியிருப்பார்கள். கருவி அந்தக் குறைகளைக் காட்டினால்தான் அன்றைய ஆய்வு செல்லும். கிஸ்ஸிங் பாண்டுக்கு அப்படி நம்பத்தக்க ஸ்டாண்டர்ட் பேனல் செய்வது மிகக் கடினம், ஏனென்றால் செய்தவர்க்கே அது அமைந்ததா என்று உடைக்காமல் தெரியாது. இதைக் கேட்ட ஆசிரியர் ஐயா, “அந்த இடத்துலதாம்மா குரு வர்றாரு. தன்னால தன்னைப் பார்க்க முடியாது” என்றார். பாதிதான் ஒப்புக்கொண்டேன். எங்கள் தாளில் இரண்டாவது கையெழுத்துக்கு ஒரு கட்டம் உண்டு, ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்த்தே ஆக வேண்டும். அந்த இன்னொருவர் என்னைவிட ஞானியாக இருக்க வேண்டியதில்லை, நான் அல்லாத வேறொருவராக இருந்தால் போதும். குருவுக்கும் அப்படி ஒரு கட்டம் வேண்டாமா என்று கேட்டேன். அவர் சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்தைப் படித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். படித்துக்கொண்டிருக்கிறேன். என் கேள்வியை இன்னும் விடவில்லை.